திருப்பி வைத்த சங்கிலி

அன்புள்ள ராஜு,

இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுப்பு பாதி முடிந்துவிட்டது, விளைச்சல் பரவாயில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, "ராஜு அனுப்பினது, கேட்கும்" என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

பொங்கலன்று போனில் நீ கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். இட்லிக் கடை செல்வி அக்கா பாங்கில் அடகு வைத்திருக்கிற சங்கிலியைப் பற்றி நான் ஆரம்பித்ததுமே, "நகை மதிப்புல 85 சதவீதம் வரைக்கும் கடன் தரலாம்னு ரிசர்வ் வங்கியே சொல்லிடுச்சு, இன்னும் என்னதான் வேணும் உங்க ஊருக்கு?" என்றாய். தாம்பரத்தில் வீடு கட்டியதும் லால்குடி 'உங்க ஊர்' ஆகிவிட்டதாக்கும்! அதைப் பங்குனியில் நேரில் பேசிக்கொள்ளலாம். கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் எழுதிவிடுகிறேன்.

நீ ஏப்ரல் வந்தால் கிளை கிளையாக ஆடிட்டுக்குப் போகிறவன். உனக்கு நகைக்கடன் ஒரு லெட்ஜர். எனக்கு அது ஜெராக்ஸ் கடை வாசல். பாங்க் படிக்கட்டு இறங்கினால் என் கடைதான். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், வேளாண் நகைக்கடன் என்றால் சிட்டா நகல், எல்லாம் இங்கே எடுத்துக்கொண்டுதான் மேலே ஏறுவார்கள். பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பித் தருவதும் நான்தான். யார் எதற்காக எதை வைக்கிறார்கள் என்பது கேட்காமலே தெரிந்துவிடும். காதுத் தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருகிறவள் முகத்தைப் பார்த்தாலே அது பள்ளிக்கூடக் கட்டணமா ஆஸ்பத்திரியா என்று சொல்லிவிடலாம்.

செல்வி அக்கா சங்கிலி ஐந்து பவுன். 2024 மே மாதம், சின்ன மகளின் நர்சிங் கட்டணத்துக்கும் கடைக்குத் தகரம் மாற்றவும் என்று 1,90,000 ரூபாய்க்கு வைத்தது. வட்டி ஒன்பது சதவீதம். வருஷம் முடிந்தால் வட்டியைக் கட்டி, அடகுச் சீட்டை மாற்றி, திருப்பி வைத்துவிடலாம் என்பதுதான் அக்காவின் கணக்கு. அவளுக்கு மட்டுமா, இந்தத் தாலுகாவில் எல்லோருக்கும் அதுதானே பழக்கம்?

அந்தப் பழக்கம்தான் நின்றுபோனது. 2024 செப்டம்பர் 30-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது, உனக்கே தெரியும். நகைக்குச் சொந்தக்காரர் இல்லாமலே மதிப்பு போடுகிறார்கள், ஏலம் ஒழுங்காக நடக்கவில்லை, நகை மதிப்புக்கும் கடனுக்கும் உள்ள விகிதத்தைச் சரியாகக் கவனிப்பதில்லை என்றெல்லாம் கடன் தரும் நிறுவனங்களைக் கண்டித்திருந்தார்கள். கண்டித்தது நியாயம்தான், ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கடுத்த சில மாதங்களில் இங்கே கவுண்டரில் வந்து இறங்கியது வேறு. "வட்டி மட்டும் கட்டினா போதாது, அசலும் சேர்த்து முழுசா கட்டி நகையை எடுங்க, அப்புறம் புதுசா வைங்க" என்றார்கள்.

2025 மே மாதம் அக்கா கட்ட வேண்டியது 2,07,100 ரூபாய். இட்லிக் கடைக்காரியிடம் ஒரே நாளில் அவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் டீக்கடை பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தோள்பை நிறையப் பணம். காலையில் கொடுத்து, பாங்கில் நகையை எடுத்து மறுபடி வைத்து, சாயந்திரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். நூற்றுக்கு ஒரு ரூபாய். அக்காவுக்கு 2,071 ரூபாய் ஆனது, ஆறு மணி நேரத்துக்கு! நாளொன்றுக்கு ஒரு சதவீதம் என்றால் வருஷத்துக்கு என்ன வட்டி என்று நீயே போட்டுப் பார். அந்த மாதம் முழுக்க அவன் பெஞ்சை விட்டு எழவில்லை. முறைகேட்டைத் தடுக்கப் போட்ட கெடுபிடி, கந்துவட்டிக்காரனுக்குப் பாங்க் வாசலிலேயே கடை திறந்து கொடுத்துவிட்டது.

அதே மே மாதம்தான் ரிசர்வ் வங்கியின் புது வரைவு விதியை எதிர்த்து தமிழ்நாடே சத்தம் போட்டது. சொந்தச் செலவுக்கு வாங்குகிற கடன் எவ்வளவு சின்னதானாலும் நகை மதிப்பில் 75 சதவீதம்தான், நகை உன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் காட்டு என்று வரைவில் இருந்தது. பாட்டி போட்ட தோட்டுக்கு எவனிடம் ரசீது இருக்கும்? முதலமைச்சர் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார், விவசாயச் சங்கங்கள் போராட்டம் நடத்தின, நிதியமைச்சகமே சிறு கடன்காரர்களை விட்டுவிடச் சொன்னது. ஜூன் 6-ல் வந்த இறுதி விதி நிறைய இறங்கி வந்தது. இரண்டரை லட்சம் வரை 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. சொந்தக்காரர் முன்னால்தான் மதிப்பு போட வேண்டும். கடனை அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தரவில்லை என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு. தவணை தவறாத கடனை, வட்டியைக் கட்டிவிட்டுப் புதுப்பிக்கலாம். இதையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவரக் கெடு 2026 ஏப்ரல் 1. நல்ல விதிகள்டா, மனசாரச் சொல்கிறேன். அந்த 5,000 ரூபாய் விதியைத் தமிழில் பெரிய எழுத்தில் அடித்து என் கடைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

பிறகு என்ன குறை என்கிறாய். இங்கேதான் நீயும் நானும் பிரிகிறோம்.

அன்று அக்கா திருப்பி வைக்கும்போது ஆபீசர் சொன்னார்: "தங்கம் ஏறியிருக்கும்மா, இதே சங்கிலிக்கு 2,60,000 வரைக்கும் வரும், எடுத்துக்கறீங்களா?" அக்கா எடுத்துக்கொண்டாள். கூடுதலாக வந்த பணத்தில் ஏலச்சீட்டுப் பாக்கி அடைந்தது, கடைக்குப் பிரிட்ஜ் வந்தது. தப்பென்று சொல்ல மாட்டேன், தேவை இருந்தது. இப்போது பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வருகிற மே மாதம் போனால் அதே சங்கிலிக்கு நான்கு லட்சத்துக்குக் கிட்ட கிடைக்கும். போன வாரம் கடைக்கு வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "சங்கிலி வளர்ந்துகிட்டே இருக்குடா தம்பி" என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை ராஜு. சங்கிலி அதே நாற்பது கிராம்தான். வளர்ந்தது கடன். இரண்டு வருஷத்தில் 1,90,000 என்பது 2,60,000 ஆகி, இப்போது நான்கு லட்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இட்லி விலையோ எட்டு ரூபாயிலேயே நிற்கிறது. நான்கு லட்சத்துக்கு வட்டி மட்டும் வருஷம் 36,000. அதாவது தினம் கிட்டத்தட்ட நூறு ரூபாய். காலையில் முதல் ஈட்டில் ஒரு டஜன் இட்லி வட்டிக்கே போய்விடும், அசலில் ஒரு பைசா குறையாமல். இப்படி என் கடை வாசலில் எத்தனை அக்காக்கள்!

விலை இப்படியே ஏறிக்கொண்டிருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? 2013 ஏப்ரல் நினைவிருக்கிறதா? நீ அப்போது புதிதாக வேலையில் சேர்ந்த வேகத்தில் மணிக்கு ஒரு போன் போட்டாய். உலகச் சந்தையில் தங்கம் இரண்டே வியாபார நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே நகைக்கடன் நிறுவனங்களுக்கு 60 சதவீதம்தான் என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டிருந்தது. அப்படியிருந்தும் அந்த நிறுவனங்கள் ஆட்டம் கண்டன. 2014-ல்தான் மறுபடி 75 ஆக்கினார்கள். இப்போது விலை உச்சியில் இருக்கிற நேரத்தில் சின்னக் கடனுக்கு 85. விலை சரிந்தால் பாங்க் என்ன செய்யும்? கூடுதல் நகை கேட்கும், இல்லை பணம் கேட்கும், இரண்டும் இல்லை என்றால் ஏலம். ஏலத்தின் குறைந்தபட்ச விலை சந்தை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மிச்சப் பணத்தை ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ஏலத்துக்கும் விதி இருக்கிறது. இருக்கட்டும். அக்காவுக்கு அந்தச் சங்கிலி இருக்காதே.

உடனே நீ ஆரம்பிப்பாய், தெரியும். "அதுக்குத்தான் வித்துட்டு மியூச்சுவல் ஃபண்டுல போடச் சொன்னேன், தங்கம் முடங்கிக் கிடக்கிற பணம்." பத்து வருஷமாக ஒரே பாட்டு! முடங்கிக் கிடக்கிற பணமா அது? ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சுவலி என்றால், விடிந்ததும் பாங்க் திறந்து அரை மணியில் பணமாகிற சொத்து இந்த ஊர்ப் பெண்களிடம் வேறு என்ன இருக்கிறது? நிலம் பெயரில் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. ஜாமீன் போட ஆள் இல்லை. யார் கையெழுத்தும் கேட்காமல் தன் பெயரில் கடன் வாங்க அவளுக்கு இருக்கிற ஒரே வழி கழுத்தில் கிடப்பதுதான். நீ அவ்வளவு புகழ்ந்த அரசாங்கத் தங்கப் பத்திரம்கூட 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வரவில்லையே.

தள்ளுபடியையும் சொல்லாதே. 2021-ல் கூட்டுறவில் ஐந்து பவுன் வரை தள்ளுபடி வந்தபோது எத்தனையோ வீட்டில் விளக்கு எரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் அக்கா அந்த ஜனவரியிலேயே ஆட்டை விற்றுக் கடனைக் கட்டி நகையை எடுத்துவிட்டாள். மார்ச் 31-ல் பாக்கி இருந்தவர்களுக்குத்தான் தள்ளுபடி. ஒழுங்காகக் கட்டியவளுக்கு ஒன்றும் இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தலோடு வருவதை நம்பி ஒரு குடும்பம் எப்படிக் கணக்குப் போடும்?

சரி, எனக்கு என்னதான் வேண்டும்? கூடுதல் கடன் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட வழி வேண்டும்.

வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டு என்பது அறுவடை முடிந்து மொத்தமாகப் பணம் பார்க்கிறவனுக்குச் சரி. அக்கா தினக்காசு பார்க்கிறவள். கடையில் அந்தப் பெட்டி இருக்கிறது, "ஃபோன்பேயில் நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று காலை ஆறு மணியிலிருந்து கத்திக்கொண்டே இருக்கும். வியாபாரத்தில் பாதிக்கு மேல் கியூஆர் வழியாகத்தான் வருகிறது. அது போய்ச் சேரும் கணக்கு எந்தப் பாங்கில்? சங்கிலி இருக்கிற அதே பாங்கில், அதே கிளையில்! தினமும் எவ்வளவு வருகிறது, எந்த மாதம் படுக்கிறது, எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதில் தினம் இருநூறு ரூபாயை நகைக்கடனுக்குத் திருப்பிவிட்டால் வருஷத்துக்கு 73,000. வட்டி போக அசலும் இறங்கும். கூடுதலாக எடுக்காமல் 2,60,000-லேயே நிறுத்தினால், நான்கு வருஷம், அதிகம் போனால் ஐந்து வருஷத்தில் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். கணக்கு சரிதானா என்று பார்த்துச் சொல், நம் கணக்கு வாத்தியார் இருந்தால் என் காதைத் திருகியாவது சரிபார்த்திருப்பார்.

தீபாவளிக்குப் பிறகு கையில் மூவாயிரம் சேர்ந்தது என்று அக்கா கவுண்டருக்குப் போனாள். நானும் கூட நின்றேன். "இவ்வளவு சின்னத் தொகையா? சேர்த்து மொத்தமா கொண்டு வாங்கம்மா" என்றார் அந்தப் பிள்ளை. கெட்ட பிள்ளை இல்லை, வடக்கேயிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்டு பேசுகிறது, பின்னால் இருபது பேர் வரிசை. ஆனால் அக்கா அந்த மூவாயிரத்தைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். அது இரண்டே நாளில் கரைந்தது. கையில் நிற்கிற காசா அது? நகைக்கடனில் இடையில் கட்டுவதற்கு வழி இருக்கிறது என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். செயலியில் கட்டலாமே என்பாய். அக்காவிடம் இருப்பது பட்டன் போன்.

சாலையோர வியாபாரிகளுக்கு அடமானமே இல்லாமல் கடன் தருகிற ஸ்வநிதி திட்டம் 2020-ல் வந்தது இல்லையா? முதல் கடன் 10,000 ஆக இருந்ததை இப்போது 15,000 ஆக்கியிருக்கிறார்கள். டிஜிட்டலில் பணம் வாங்கினால் ஊக்கத்தொகையும் உண்டு. அங்கே வியாபாரியின் தினப் பணத்துக்கு ஒரு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். அதே மரியாதையை நகைக்கடனிலும் கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

அதனால் உனக்கு மூன்று வேலை வைத்திருக்கிறேன். சேமிப்புக் கணக்கிலிருந்து நகைக்கடனுக்குத் தினமோ வாரமோ தானாகப் பணம் போக நிலையான உத்தரவு கொடுக்க முடியுமா, முடியும் என்றால் எந்தப் படிவம் என்று உன் ஆடிட்டர் நண்பர்களிடம் விசாரி. கிளையில் மறுத்தால் மண்டல அலுவலகத்துக்கு எழுதலாமா, நேராக ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கே போகலாமா என்று சொல். மனுவை நீயே எழுது, உனக்குத்தான் அந்த நடை வரும். இங்கே கையெழுத்துப் போட முப்பது பேரையாவது நான் சேர்த்துவிடுவேன்.

மே மாதத்துக்கு முன்னால் வேண்டும். அக்காவிடம் கூடுதல் பணம் எடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் சின்னவளுக்குக் கடைசி வருஷக் கட்டணம் ஜூனில் வருகிறது. நான் சொன்னால் கேட்பாளோ மாட்டாளோ, நீ சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது, என் நம்பருக்குப் போடு, போனை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்