பந்து கைக்கு வராத ஆட்டங்கள்: கல்லூரி அணியில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

உங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியில், எறியப்படும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் வரிசையில் உன்னை நான்காவதாகத் தள்ளிவிட்டு, ஆட்டத்தைத் தொடங்க உதைக்கும் கிக்காஃபை விரட்டவும், பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுக்கும் பன்ட் ஆட்டத்தில் தடுக்கவும்தான் அனுப்புகிறார்கள் என்றும், அதனால் வேறு கல்லூரிக்கு மாறிவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். மாறுவது உன் விருப்பம். ஆனால் உன்னை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று நீ எழுதியதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஓர் அணியின் பட்டியலில் இருப்பவர்கள் 53 பேர். ஆட்ட நாளில் களமிறங்கத் தகுதி பெறுபவர்கள் அதிகம் போனால் 48 பேர். தாக்குதலிலும் தற்காப்பிலும் முதல் வரிசையில் ஆடும் 22 பேரையும், பந்தை உதைப்பவர்களையும் கழித்துப் பார்த்தால், மீதமுள்ளவர்களில் பெரும்பாலோர் கிக்காஃப், பன்ட் போன்ற ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்டங்களில் உதவினால்தான் அங்கே நிலைக்க முடியும். நான்காவது, ஐந்தாவது ரிசீவரைத் தேடி வருபவர்கள், அவன் எத்தனை பந்தைப் பிடித்தான் என்பதோடு, பந்து பிடிக்காத நேரத்தில் என்ன செய்வான் என்பதையும் பார்ப்பது இதனால்தான்.

மேத்யூ ஸ்லேட்டரை எடுத்துக்கொள். யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் படித்த அவரை, கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2008-இல், ஐந்தாவது சுற்றில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எடுத்தது. பெயருக்கு ரிசீவர், 16 பருவங்களில் அவர் பிடித்தது ஒரே ஒரு பாஸ். ஆனாலும் பன்ட்டையும் கிக்காஃபையும் விரட்டிச் சென்று, பந்தோடு ஓடுபவரை மடக்கி வீழ்த்தியதற்காகவே (டேக்கிள்) பத்து முறை சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை மூன்று முறை வென்றார். ரக்பி ஆடிக்கொண்டிருந்த நேட் எப்னர் ஒஹாயோ ஸ்டேட் அணியில் உதவித்தொகை இல்லாமல் வாக்-ஆனாகச் சேர்ந்து, பெரும்பாலும் ஸ்பெஷல் டீம்ஸில் ஆடியே 2012-இல் ஆறாவது சுற்றில் அதே பேட்ரியட்ஸ் அணிக்குப் போனார். எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

பன்ட் விதியில் உள்ள ஒரு வேறுபாட்டை நீ கவனிக்க வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் பந்து பின்னால் தரப்பட்டு ஆட்டம் தொடங்கியவுடன் (ஸ்னாப்) யார் வேண்டுமானாலும் முன்னே ஓடலாம், என்.எஃப்.எல்.லிலோ, பந்து உதைக்கப்படும்வரை இரு முனைகளில் நிற்பவர்கள் மட்டுமே ஓடலாம், மற்றவர்கள் நின்று தடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். ஆகவே, ஓடத் தெரிந்த கல்லூரி வீரர்கள் பலர் இருந்தாலும், தடுத்து முடித்து அதன் பிறகு ஓடத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே மதிப்பு. உன் பயிற்சியாளர், தடுக்கும் இடத்தில் உன்னை நிறுத்தியிருப்பதை நான் நல்லதாகவே பார்க்கிறேன். 2024-இல் என்.எஃப்.எல். கிக்காஃபை மாற்றி, இரு அணியினரையும் அருகருகே நிறுத்தி, பந்து தரையிலோ ஆளின் மேலோ படும்வரை பெரும்பாலோர் நகரக் கூடாது என்று வைத்ததும் இந்தத் திறமைக்கே சாதகம். முழு வேகத்தில் வந்து மோதுவது குறைந்திருப்பது, ஒரு தாயாக, எனக்கு நிம்மதி; கல்லூரியில் இன்னும் பழைய முறையில் ஆடுகிறீர்களே என்ற கவலை தனி.

ரிசீவர் தடுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீ அனுப்பிய வீடியோவில், ஓரமாக ஓடும் ஆட்டத்தில், ரிசீவரை மறிக்கும் எதிரணித் தற்காப்பு வீரரான கார்னர்பேக்கின் நெஞ்சில் கைவைத்து நன்றாகத்தான் தொடங்குகிறாய். அவன் உள்பக்கம் திரும்பியதும் உன் கால்கள் நின்றுவிடுகின்றன, கைகள் அவன் தோளுக்கு வெளியே போகின்றன, விதிமீறல் என்று நடுவரின் மஞ்சள் கொடி விழுகிறது. கால்கள் நகர்ந்துகொண்டே இருந்தால் கை வெளியே போகத் தேவையே இராது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆடி 1998-இல் மூன்றாம் சுற்றில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்குச் சென்ற ரிசீவர் ஹைன்ஸ் வார்டின் தடுப்புகளைத் தேடிப் பார். ஆனால் 2008-இல் அவர் மோதியதில் எதிரணி வீரர் ஒருவரின் தாடை உடைந்தது. அடுத்த ஆண்டே விதியை இறுக்கினார்கள். கண்ணில் படாத பக்கமிருந்து பாயும் அந்த வழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ளாதே.

தலைமைப் பயிற்சியாளரிடம் போவதற்கு முன்பு ஸ்பெஷல் டீம்ஸ் பயிற்சியாளரைப் பார்த்து, பன்ட்டில் தடுக்கும் இடத்தோடு, முனையிலிருந்து முதலில் ஓடும் கன்னர் இடத்திலும் உன்னைப் பயிற்சியில் நிறுத்திப் பார்ப்பாரா என்று கேள். இரண்டு பேர் சேர்ந்து உன்னை மறிக்கும்போது எப்படி விடுபடுகிறாய் என்பதை நானும் பார்க்க வேண்டும்; அந்த வீடியோவையும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவர் என்ன சொன்னார் என்று சொல், கல்லூரி மாறுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
அம்மா