மணிலாவில் படிக்கும் மகளுக்கு: மூன்று குருக்களின் கதை

அன்பு மகளுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். உன் படிப்பும் உடல்நலமும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறோம். நீ இப்போது வாழும் நாட்டின் படம் ஒன்றைப் பார்த்தேன். அதைப் பற்றித் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன். படத்தின் பெயர் ‘கோம்புர்சா’. பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானிய அரசு 1872இல் கொன்ற கோமெஸ், புர்கோஸ், சமோரா என்னும் மூன்று கத்தோலிக்கக் குருக்களின் பெயர்களைச் சேர்த்துப் பிலிப்பைன்ஸ் மக்கள் சொல்லும் பெயர் அது. பெபே தியோக்னோ இயக்கிய அப்படம் 2023ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வெளிவந்தது. அவ்வாண்டின் மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதும், புர்கோஸாக நடித்த செட்ரிக் ஹுவானுக்குச் சிறந்த நடிகர் விருதும் அதற்குக் கிடைத்தன.

விடுதலை வரலாற்றுப் படம் என்றதும் நான் போர்க்களத்தை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தப் படத்தின் உயிர் இருப்பது மனுக்களிலும் மேல்முறையீடுகளிலும், மேலதிகாரிகளிடம் பணிவாகப் பேசித் தோற்றுத் திரும்பும் குருக்களின் முகங்களிலும்தான். சண்டை தொடங்கியதே பங்குகளைப் பற்றி, அதாவது ஊர்க் கோவில்களும் அவற்றைச் சேர்ந்த மக்களும் எந்தக் குருக்களின் பொறுப்பில் இருப்பது என்பதைப் பற்றி. அகுஸ்தீன், பிரான்சிஸ்கன், தோமினிக், ரெக்கலெக்ட் சபைத் துறவியர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். மறைபரப்பு முடிந்து ஊர் நிலைபெற்றதும் பங்கை, எந்தத் துறவு சபையையும் சேராமல் ஆயருக்குக் கீழ் பணி செய்யும் மறைமாவட்டக் குருக்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதே திருச்சபையின் பொது ஒழுங்கு. அந்த மறைமாவட்டக் குருக்களில் பெரும்பாலோர் அந்த மண்ணில் பிறந்தவர்கள். துறவியர் ஒப்படைக்க மறுத்தார்கள். அதற்கு மேல், 1768இல் வெளியேற்றப்பட்ட இயேசு சபையினர் 1859இல் திரும்பி வந்து தெற்கிலுள்ள மிந்தனாவோ தீவின் பங்குகளை ஏற்றபோது, அங்கிருந்து விலகிய ரெக்கலெக்ட் சபைக்கு ஈடாக மணிலாவைச் சுற்றியிருந்த பங்குகளைக் கொடுக்கும்படி 1861இல் அரசாணை வந்தது. உள்ளூர்க் குருக்களின் கையில் இருந்த கொஞ்சமும் அதனால் போகத் தொடங்கியது. இந்தச் சட்டச் சிக்கலைப் படம் பொறுமையாக விளக்குகிறது. சிலருக்கு அந்தப் பகுதி மெதுவாகத் தோன்றலாம். எனக்கோ படத்தின் துணிச்சலே அதுதான் என்று பட்டது.

அந்த அநீதிக்கு எதிராக முதலில் எழுதியும் பேசியும் வந்தவர் பெத்ரோ பெலாயெஸ் என்னும் குரு. பியோலோ பாஸ்குவல் அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். 1863 ஜூன் 3 அன்று, நற்கருணைப் பெருவிழாவுக்கு முந்தின நாள் மாலையில், பெரிய நிலநடுக்கம் வந்து மணிலா பேராலயம் இடிந்து விழுந்தபோது பெலாயெஸ் உள்ளே இருந்தார். இடிபாடுகளுக்குள்ளேயே அவர் உயிர் போயிற்று. அவருடைய மாணவர்தான் ஹோசே புர்கோஸ். ஆசிரியர் இறந்த மறுஆண்டு, உள்ளூர்க் குருக்கள் அறிவிலும் ஒழுக்கத்திலும் குறைந்தவர்கள் என்ற பழிக்கு மறுப்பாக ஓர் அறிக்கை மத்ரீத் இதழில் பெயரில்லாமல் வெளிவந்தது. அதை எழுதியவர் புர்கோஸ் என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 27. பெலாயெஸ் விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்கினார் என்பதை நினைவில் வைத்துக்கொள். நான் சொல்ல வருவதற்கு அது வேண்டும்.

1869இல் வந்த ஆளுநர் கார்லோஸ் மரியா தெ லா தோர்ரே தாராள மனம் படைத்தவர். அவர் காலத்தில் மக்கள் சற்று உரக்கப் பேச முடிந்தது. 1871இல் அவருக்குப் பின் வந்த ரஃபாயெல் தெ இஸ்கியெர்தோ அதையெல்லாம் நிறுத்தினார். மணிலாவுக்கு அருகிலுள்ள காவித்தேயின் படைக்கலச் சாலைத் தொழிலாளர்களுக்குத் தலைவரியிலிருந்தும் கட்டாய உழைப்பிலிருந்தும் நெடுங்காலமாக இருந்த விலக்கையும் அவர் நீக்கினார். 1872 ஜனவரி 20 அன்று, கூலியில் பிடித்தம் போனதைக் கண்ட தொழிலாளர்களும் படைவீரர்களுமாக ஏறத்தாழ 200 பேர் லாமத்ரித் என்ற சார்ஜெண்டின் தலைமையில் கலகம் செய்து, சான் பெலிப்பே கோட்டையைப் பிடித்தார்கள். மணிலாவிலிருந்து படை வந்து இரண்டு நாளில் அதை அடக்கிவிட்டது. உண்மையில் வயிற்றில் அடிபட்டவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான். அவர்களுக்குப் படம் இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் ஒரே குறை.

கூலிக்காக எழுந்த கலகத்தை நாட்டைப் பிரிக்கும் சதியாக அரசு மாற்றியது. சதிக்குத் தலைவர்கள் வேண்டுமல்லவா? பங்குகளுக்காகச் சட்ட வழியில் போராடி வந்த குருக்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தார்கள். ஹசிந்தோ சமோராவுக்கு எதிராகக் கிடைத்த சான்றைக் கேள். அவருக்குச் சீட்டாட்டத்தில் ஈடுபாடு அதிகம். ‘பெரிய கூட்டம், தவறாமல் வா, நண்பர்கள் வெடிமருந்தும் குண்டுகளும் நிறைய வைத்திருக்கிறார்கள்’ என்ற பொருளில் ஒரு துண்டுச் சீட்டு அவர் வீட்டில் அகப்பட்டது. வெடிமருந்தும் குண்டும் என்றால் ஆட்டத்தில் வைக்கும் பணம். ஆடுபவர்களின் பரிபாஷை அது. 36 வயதுக் குரு ஒருவரின் உயிருக்கு அந்தக் காகிதம் போதுமானதாக இருந்தது. இராணுவ நீதிமன்றம் விரைந்து விசாரித்தது. கலகம் நடந்து சரியாக நான்கு வாரத்தில், 1872 பிப்ரவரி 17 அன்று, மூவரின் மரண தண்டனை நிறைவேறியது. வேறு பல குருக்களையும் வழக்கறிஞர்களையும் மரியானாத் தீவுகளுக்கு நாடுகடத்தினார்கள்.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகளோடு நடக்கப் போவதாகச் சொல்லும் லுனெட்டா பூங்காதான் அந்தக் காலத்துப் பகும்பாயன் திடல். அங்கேதான் அவர்களைக் கரோட்டேயில் கொன்றார்கள். கரோட்டே என்பது ஒரு கட்டையோடு சேர்ந்த இருக்கை; குற்றவாளியை அதில் உட்கார வைத்துக் கழுத்தில் இரும்பு வளையத்தை மாட்டி, பின்னாலிருந்து திருகுவார்கள். குருக்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன பிரான்சிஸ்கோ சல்துவாவையே அரசு முதலில் கொன்றது. பக்கோர் பங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகள் பணி செய்த மரியானோ கோமெஸுக்கு 72 வயது. எல்லாம் இறைவன் சித்தம் என்று அமைதியாக ஏற்றுக்கொண்டார் என்கிறார்கள். சமோராவுக்கோ அதற்குள் சித்தம் கலங்கிவிட்டது. கடைசியாக அழைக்கப்பட்ட புர்கோஸ், ‘நான் என்ன குற்றம் செய்தேன்’ என்று கதறினார் என்றும், திருகவிருந்த கொலையாளி அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க, அவர் ஆசி கொடுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மாவீரர்களைப் போல அவர்கள் மூவரும் முழங்கவில்லை. ஒருவர் அமைதியாக இருந்தார், ஒருவர் நினைவிழந்தார், ஒருவர் அழுதார். இதை மறைக்காமல் காட்டியதற்காக இயக்குநரை நான் வணங்குகிறேன். அழுதவரின் நியாயம் அழாதவரின் நியாயத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

பேராயர் கிரெகோரியோ மெலித்தோன் மார்த்தினெஸ் ஸ்பானியர். மூவரையும் குருத்துவ நிலையிலிருந்து நீக்கும்படி ஆளுநர் கேட்டபோது, குற்றத்துக்குச் சான்று காட்டுங்கள் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அதனால் அவர்கள் குருக்களுக்குரிய உடையோடேயே சாகப் போனார்கள். கோவில் மணிகளும் அவர்களுக்காகத் துக்க ஒலி எழுப்பின. பேராயரால் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் அவர் மறுத்த அந்த ஒரு செயலே அரசின் தீர்ப்பு பொய் என்று அறிவித்தது. பிலிப்பைன்ஸ் மக்கள் தங்கள் தேசிய வீரராகப் போற்றும் எழுத்தாளர் ஹோசே ரிசால் 1891இல் தம் இரண்டாவது நாவலை இந்த மூவருக்கும் காணிக்கையாக்கியபோது முதலில் சுட்டிக்காட்டியது இந்த மறுப்பைத்தான்.

இனி நான் சொல்ல வந்தது. பார்த்தவர்கள் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் பொதுத் திடலில் வைத்துக் கொன்றார்கள். ஆனால் புர்கோஸின் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் இருந்தான். பெயர் பசியானோ, வயது 20. படிப்பை விட்டுவிட்டுச் சொந்த ஊரான கலம்பாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அவனுடைய தம்பி ஹோசேக்கு அப்போது பத்து வயது. அதே ஆண்டு தம்பியைப் பள்ளியில் சேர்த்தபோது, சந்தேகத்துக்குள்ளான மெர்காதோ என்ற குடும்பப் பெயரை விலக்கி ரிசால் என்று பதியச் செய்தது அந்த அண்ணன்தான். 1872 நடந்திராவிட்டால் தாம் ஓர் இயேசு சபைக் குருவாகப் போயிருப்பேன், தம் முதல் நாவலுக்கு நேர்மாறான ஒன்றை எழுதியிருப்பேன் என்று ரிசால் 1889இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். பெலாயெஸிடமிருந்து புர்கோஸுக்கு, புர்கோஸிடமிருந்து பசியானோவுக்கு, பசியானோவிடமிருந்து தம்பிக்கு என்று அநீதியை எதிர்க்கும் அந்த உணர்வு வந்து சேர்ந்தது. இதில் எந்த இடத்திலும் படையோ பணமோ இல்லை. ஒரே வீட்டில் உண்டு, உறங்கி, பேசிய பெரியவரும் இளையவரும்தான் இருந்தார்கள். ஒரு நாட்டு மக்கள் விழித்துக்கொண்ட விதம் இப்படித்தான் இருந்தது என்பதைக் காணும்போது எனக்கு உடல் சிலிர்த்தது. 1892இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக ஆந்திரெஸ் போனிபாசியோ தொடங்கிய கத்திப்புனான் என்ற இரகசிய இயக்கம் இந்த மூவரின் பெயரையே இரகசியச் சொல்லாக வைத்துக்கொண்டது.

இயக்குநருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அவருடைய தாத்தா ஹோசே தியோக்னோ செனட்டராகவும் மனித உரிமை வழக்கறிஞராகவும் இருந்தவர். 1972இல், அந்த மூவர் இறந்து நூறாண்டு நிறைந்த அதே ஆண்டில், அதிபர் மார்கோஸ் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அவரைக் கைது செய்து, குற்றச்சாட்டு எதுவும் பதியாமலே ஏறத்தாழ இரண்டாண்டுகள் சிறையில் வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பேரனுக்கு, முடிவை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு நடத்தும் விசாரணை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த முறை லுனெட்டாவுக்குப் போகும்போது அவர்கள் கொல்லப்பட்ட இடத்தைக் குறிக்கும் கல்வெட்டைத் தேடிப் பார். அங்கிருந்து தொலைவில் இல்லாத பாகோ பூங்கா அக்காலத்தில் கல்லறைத் தோட்டம். மூவரையும் அடையாளம் இல்லாமல் அங்கேதான் புதைத்தார்கள். 1896 டிசம்பர் 30 அன்று அதே பகும்பாயனில் ரிசாலைச் சுட்டுக் கொன்றபோது, அவர் உடலையும் இரகசியமாக அங்கேயே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். படத்தில் தகாலோகும் ஸ்பானியமும் கலந்து வருகின்றன. உன் தோழிகளோடு சேர்ந்து பார்த்தால் உனக்கு இன்னும் நன்றாகப் புரியும். காவித்தேயிலிருந்து வந்து உன்னோடு படிக்கும் அந்தப் பெண்ணிடம் பக்கோர் கோவிலைப் பற்றிக் கேள். கோமெஸ் சாமியாரைப் பற்றி அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. தேர்வு முடிந்ததும் விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா