பத்திரிகையோடு ஒரு விவரத் தாளும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசைகட்டி வரும். அச்சகங்களில் இப்போதே பத்திரிகை வேலை மும்முரம். கல்யாண வீட்டார் எல்லோரிடமும் உங்கள் இதழ் வழியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பத்திரிகையோடு, வருகிறவர்களுக்கான விவரங்களை எழுதி அரைப் பக்கத் தாள் ஒன்றும் கொடுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் போதும்.

குலதெய்வம், தாத்தா பாட்டி பெயர், மாப்பிள்ளையின் படிப்பு எல்லாம் பத்திரிகையில் இருக்கிறது. ஊராரும் உறவினரும் மட்டும் வந்த காலத்தில் அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. இப்போது பெண்ணோடு புனேவில் வேலை பார்ப்பவர்களும் மாப்பிள்ளையோடு ஜெர்மனியில் படித்தவர்களும் ஆசையாக விமானம் ஏறி வருகிறார்கள். வரவேற்பு முதல் நாள் மாலையே நடப்பது அவர்களுக்குப் புதிது. 'காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்' என்று படித்தால், பத்து மணிக்குப் போனால் போதும் என்றுதான் நினைப்பார்கள். வெள்ளிக்கிழமை 10.30க்கு ராகு காலம், அதற்கு முன்பே தாலி கட்டியாக வேண்டும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு தூரம் வந்தவர்கள் தாலி கட்டுவதைப் பார்க்காமல் போவது பெரிய வருத்தம். சாஸ்திரிகளிடம் கேட்டால் உத்தேசமான நேரம் சொல்வார். அதை எழுதி, அரை மணி முன்னதாக வந்து உட்காரச் சொல்லலாம்.

அட்சதை பற்றியும் சொல்ல வேண்டும். தட்டில் மஞ்சள் அரிசியை நீட்டினால், வாயில் போட்டுக்கொள்வதா, வைத்திருப்பதா என்று புதியவர்கள் திகைக்கிறார்கள். கெட்டிமேளம் கொட்டும்போது மணமக்கள் மேல் தூவி வாழ்த்த வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த நேரத்தில் தும்மலோ அமங்கலச் சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதான் மேளத்தை அவ்வளவு உரக்க வாசிக்கிறார்கள் என்பார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால் வந்தவர்கள் எவ்வளவு ரசிப்பார்கள்!

ஆனால் இணையத்தில் கிடைப்பதை அப்படியே எடுத்து அச்சடிக்காதீர்கள். அதில் பெரும்பாலும் மெஹந்தி, சங்கீத், குதிரையில் வரும் மாப்பிள்ளை என்று வடநாட்டு வழக்கம்தான் இருக்கும். உங்கள் வீட்டில் நடக்கப்போவதை எழுதுங்கள். பிராமணர் வீட்டுக் காசி யாத்திரையில் குடையும் தடியுமாகக் கிளம்பும் மாப்பிள்ளையைப் பெண்ணின் அப்பா சமாதானம் சொல்லித் திருப்பி அழைத்துவருவார். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், நிஜமாகவே ஏதோ தகராறு என்று வெளிநாட்டுக்காரர் பதறிப்போவார். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் அருமைக்காரர் எனப்படும் சமூகப் பெரியவர் முன்னின்று சீர்களைச் செய்துவைப்பதைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கே சொல்ல வேண்டியிருக்கும்.

சுயமரியாதைத் திருமணம் நடத்துகிற வீட்டாருக்கு இந்தத் தாள் இன்னும் அவசியம். ஓமம் எங்கே, மந்திரம் எங்கே என்று வருகிறவர்கள் தேடுவார்கள். உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை என்று அண்ணா ஆட்சியில் 1967ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இதை நான்கு வரியில் எழுதி வைத்தால், அந்த எளிய மேடையின் பெருமை எல்லோருக்கும் புரியும்.

அப்புறம் சாப்பாடு. பொங்கல், கேசரி, பாயசம் எல்லாவற்றிலும் முந்திரி இருக்கும். அது ஒத்துக்கொள்ளாதவர்கள் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கைபேசி எண்ணாவது கொடுங்கள். பந்தி நடக்கும் கூடம் பல மண்டபங்களில் கீழ்த்தளத்திலோ மாடியிலோ இருக்கிறது. லிஃப்ட் உண்டா என்று தெரிந்தால் முழங்கால் வலிக்காரர்கள் நிம்மதியாகக் கிளம்புவார்கள். மொய் வாங்குவதில்லை என்றால் அதையும் தெளிவாகப் போட்டுவிடலாம்.

அழைத்தவர்களுக்கே பாடம் நடத்துவதா என்று சில பெரியவர்கள் தயங்குகிறார்கள். 'இப்படி வாருங்கள், இப்படி உட்காருங்கள்' என்று கட்டளையாக எழுதினால்தான் அந்த உறுத்தல் வரும். சடங்குகள் தெரிந்த அத்தையோ பெரியம்மாவோ சொல்லச் சொல்ல, மணமக்களே எழுதட்டும். பிரியமாகத்தான் இருக்கும்.

சமூகத்துக்குச் சமூகம் முறை மாறுவதால், இப்படிச் சில மாதிரித் தாள்களை உங்கள் தை இதழில் வெளியிட்டால் கல்யாண வீட்டாருக்குப் பேருதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்.