தொப்பூர் இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் கியர் லாரிகளுக்கு அறிவிப்புப் பலகையும் நிறுத்துமிடமும் கேட்டு மனு

அனுப்புநர்
கனரக வாகன ஓட்டுநர்,
நல்லம்பள்ளி வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தருமபுரி.

பொருள்: தொப்பூர் கணவாயில் இறங்கும் ஆட்டோமேட்டிக் கியர் லாரிகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 22 வருடமாக லாரி ஓட்டுகிறேன். பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி என்று எங்கே லோடு ஏற்றினாலும், சேலம் போகத் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆகவேண்டும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே என்ன நடந்தது என்று நம் மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எங்களுக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான்: டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்காதே. அது சரியான பேச்சு, நானும் இளம் ஓட்டுநர்களிடம் அதையே சொல்கிறேன். ஆனால் இப்போது வரும் லாரிகளுக்கு அது மட்டும் போதாது என்பதைச் சொல்லவே இந்த மனு.

பழைய லாரியில் இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியரைப் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கை அழுத்திவிடுவோம். புகைக்குழாயை உள்ளே ஒரு மூடி அடைக்கும். புகை வெளியே போக வழியில்லாமல் பிஸ்டன் திணறும், அந்தத் திணறல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். இன்ஜின் சுற்று கூடினால்தான் அந்தப் பிடி பலமாக இருக்கும், அதற்குத்தான் கீழ் கியர். மேல் கியருக்குப் போய்விட்டால் சுற்று இறங்கி, பிடியும் தளர்ந்துவிடும்.

ஆட்டோமேட்டிக்கில் கியரை மாற்றுவது நானில்லை, வண்டி. போன மழைக்காலத்தில் கிரானைட் கல் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் புறப்பட்டேன். வண்டி புதிது. ஓனர் சாவியைக் கொடுத்து, "கிளட்ச் இல்லை, டி-யில் போட்டு ஓட்டுங்கண்ணா" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். கட்டமேடு தாண்டி இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். மீட்டரில் 5 என்று இருந்த எண் 6 ஆனது, அப்புறம் 7. வேகம் ஏற ஏற வண்டி தானாகவே மேல் கியருக்குப் போகிறது. லிவரைத் தட்டிக் கீழ் கியர் கேட்டேன், வண்டி ஏற்கவில்லை. இன்ஜின் சுற்று எல்லை மீறும் என்றால் அது ஏற்காது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினேன். கேபினுக்குள் பிரேக் லைனர் கருகிய வாடை. மிதிக்க மிதிக்க, பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டரின் முள் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. இரட்டைப் பாலத்துக்கு முன்னால் முழு பலத்தோடு ஒரே மிதியாக மிதித்து வேகத்தைக் குறைத்த பிறகுதான் கீழ் கியர் விழுந்தது. எனக்கு முன்னால் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது, அதன் பின் கண்ணாடியில் ஒரு குழந்தையின் கை தெரிந்தது. அந்தக் கை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை ஐயா.

நான் நியூட்ரலில் போடவில்லை. கியரிலேதான் இருந்தேன், ஆனாலும் வண்டி பிடிக்குள் நிற்காமல் ஓடியது. சில புது லாரிகளில் டீசல் மிச்சத்துக்காக லேசான இறக்கத்தில் வண்டியே நியூட்ரலுக்குப் போகும் வசதியும் இருக்கிறது. ஓட்டுகிறவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

எடையையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். 2018இல் அச்சு எடை உயர்த்தப்பட்டபோது பத்து சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அவ்வளவு எடை 100 மீட்டர் உயரம் இறங்கினாலே கிட்டத்தட்ட 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளியாகிறது. இன்ஜின் அதைப் பிடிக்காவிட்டால் அத்தனையும் பிரேக் டிரம்மில் சூடாக இறங்கும். சூட்டில் டிரம் விரிந்து, லைனர் வழுக்கி, மிதி இருந்தும் பிடி இல்லாமல் போகும்.

மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் தாங்கள் என்பதால் தங்களிடம் கேட்கிறேன். பாளையம் சுங்கச்சாவடியிலும் அதைத் தாண்டி இறக்கம் தொடங்கும் முன்பும், "ஆட்டோமேட்டிக் லாரியா? இங்கேயே மேனுவல் மோடுக்கு மாற்று. கீழ் கியரைப் பிடி. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடு" என்று தமிழ், இந்தி, கன்னடம், தெலுங்கு நான்கிலும் பெரிய எழுத்தில் பலகை வேண்டும். வடக்கிலிருந்து வரும் ஓட்டுநருக்குத் தமிழ் அறிவிப்பு மட்டும் பயன்படாது. பலகை வைத்தால் மட்டும் போதாது, லாரிகள் ஓரம்கட்டி ஐந்து நிமிடம் நின்று ஏர் பார்த்து, டிரம் சூடு பார்த்து, கியர் மாற்றிக்கொள்ள ஓர் இடமும் வேண்டும். எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்பேன், ஏனென்றால் இறங்கத் தொடங்கிய பிறகு கீழ் கியர் கிடைப்பது நிச்சயமில்லை.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கனரக உரிமம் புதுப்பிக்க வருபவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தையாவது சொல்லித்தர ஏற்பாடு செய்யுங்கள். கணவாயில் உயர்மட்டச் சாலை வந்தால் நல்லதுதான். அதுவரைக்கும் நாங்கள் இந்த இறக்கத்தில்தான் தினமும் இறங்குகிறோம்.

அதிகாரிகள் நேரில் பார்க்க விரும்பினால், லோடு இல்லாத ஆட்டோமேட்டிக் லாரியை எடுத்துவந்து, கியர் எப்படி ஏறுகிறது, எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று ஓட்டிக் காட்ட நான் தயாராக இருக்கிறேன். எந்த நாளில் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)