நாம் விதைக்காத கோதுமையின் நோய்: விவசாய அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

விவசாய அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும் விவசாயத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும்,

வணக்கம்.

கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு ரொட்டிக்கடை வைத்திருக்கிறேன். விடியற்காலை மூன்றரைக்கு மா குழைக்கத் தொடங்கினால்தான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வரும் நேரத்துக்குக் கல் சூடாக இருக்கும். பிறந்தது அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். அம்மா கொழுந்து எடுக்கப் போகுமுன் தட்டியதும் கோதுமை மா ரொட்டி, நான் இன்று தட்டுவதும் அதுவே. ஆனால் ஒரு கோதுமைக் கதிரை நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை.

இலங்கையில் அது விளைவதில்லை. ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன் அளவில் கப்பலில் வந்திறங்கி, திருகோணமலையிலும் கொழும்பிலும் உள்ள ஆலைகளில் அரைபடுகிறது. விவசாயத் துறைக்கு அது நம் பயிர் இல்லை. வர்த்தகத் துறைக்கு அது எடைபோட்டு வரி விதிக்கும் ஒரு சரக்கு. கோதுமைக்கு நோய் வந்தால் அதைக் கவனிக்கும் பொறுப்பு எந்த மேசையில் இருக்கிறது? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் மகள் பேராதனையில் விவசாயம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, வெளுத்த கதிர்கள் நிறைந்த ஒரு வயலின் படத்தைக் காட்டினாள். அறுவடைக்கு முற்றிய வயல் என்றே நினைத்தேன். கீழே இலைகள் இன்னும் பச்சையாக இருப்பதை அவள் தொட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது. கதிருக்குள் இருந்தது பதர். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷின் மேஹர்பூர் முதலான எட்டு மாவட்டங்களில், ஏறக்குறைய 15,000 ஹெக்டெயரில் இதுதான் நடந்தது. நம் நெல்வயல்களில் எரிபந்தம் என்று சொல்கிறோமே, அந்தப் பங்கசின் இனம்தான் இதுவும். கோதுமையைப் பிடிக்கும் தனிக் கிளை. 1985இல் பிரேசிலின் பரனா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டார்கள். முப்பது ஆண்டு தென்னமெரிக்காவை விட்டு நகராமல் இருந்தது, ஒரே பாய்ச்சலில் வங்காளத்தில் இறங்கியது. அங்கே இறங்கியது தென்னமெரிக்கக் கிளையேதான் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டின. 2018இல் சாம்பியாவிலும் கண்டார்கள். மேற்கு வங்காளத்தில் எல்லையோரம் ஐந்து கிலோமீற்றருக்குள் கோதுமை விதைப்பதையே நிறுத்தினார்கள். அவ்வளவு அச்சம்.

பூக்கும் நேரத்தில் 25 முதல் 30 பாகை வெப்பமும் மழை ஈரமும் சேர்ந்தால் இந்த நோய்க்குக் கொண்டாட்டம். கதிருக்குள் புகுந்த பிறகு மருந்தடித்துப் பெரிய பயன் இல்லை. உலகம் சூடாகும்போது இதுவரை குளிர்ச்சியாலோ வறட்சியாலோ தப்பியிருந்த வயல்கள் இதற்குத் திறந்துவிடுகின்றன. இந்தப் போக்கு நீடித்தால் 2050 அளவில் இந்த ஒரு நோயே உலகக் கோதுமை விளைச்சலில் 13 சதவீதத்தைக் குறைத்துவிடலாம் என்று 2024இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டிருக்கிறது. இலையிலும் தண்டிலும் துருத்தூள் போலப் படரும் பங்கசு நோய்களான துரு நோய்களின் கதை வேறு. 1999 வாக்கில் உகண்டாவில் தலைகாட்டிய தண்டுத் துருவின் ஒரு வகை, அதுவரை பல நாட்டுக் கோதுமையைக் காத்து வந்த எதிர்ப்பு மரபணுவை முறியடித்தது; காற்றோடு யேமனுக்கும் ஈரானுக்கும் போனது. குளிர் நாட்டு நோய் என்று பெயரெடுத்த மஞ்சள் துருவிலும் 2000க்குப் பிறகு வெப்பம் தாங்கும் வகைகள் பரவின.

துரு என்ற சொல்லை மலையகத்தில் பிறந்தவன் சும்மா கடந்துபோக முடியாது. எங்கள் பாட்டன்மார் இந்தத் தீவுக்கு வந்தது கோப்பிக்கு. மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து, வழியில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் மலை ஏறினார்கள். 1869இல் இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாக ஒரு துருப் பங்கசு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது, மலையெல்லாம் தேயிலையானது. பருவத்துக்கு வந்து போன எங்கள் ஆட்கள் ஆண்டு முழுவதும் லயத்தோடு கட்டப்பட்டார்கள். 1880இல் இங்கு வந்து அந்த நோயை ஆராய்ந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், காற்றைத் தடுக்க ஒரு மரவரிசைகூட இல்லாமல் மலை மலையாக ஒரே பயிரை நட்டதால்தான் பங்கசின் தூள் போன்ற வித்திகள் இப்படிப் பரவின என்று எழுதினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பயிர் நோய் ஒன்று மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு எங்கள் சனம் சாட்சி.

அண்மைய உதாரணமும் உண்டு. சேனா படைப்புழு 2016இல் ஆபிரிக்காவில், 2018 நடுவில் கர்நாடகத்தில், அந்த ஆண்டு முடியும்போது அம்பாறை, மொனராகலைச் சோளத்தில். இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. கோதுமையிலும் ஒரு பாடம் கிடைத்தது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியது. மார்ச் வெயிலில் விளைச்சல் வாட, மே 13ஆம் திகதி இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. நம்மிடம் டொலரும் இல்லை. மா விலை இரண்டு மடங்குக்கும் மேலே போனது. வழக்கமாக நாலு ரொட்டி வாங்குகிற ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி, இரண்டை வாங்கித் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, தான் வெறும் தேநீர் குடித்துவிட்டுப் போனார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“மாவைக் குறையுங்கள், சோறு சாப்பிடுங்கள்” என்று மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசிக் கப்பல்கள் நின்றபோது பங்கீட்டில் வந்து ஒட்டிக்கொண்ட உணவு இது. மலைக்கு ஏற வேண்டிய பெண்ணுக்கு அரை மணியில் ரொட்டி தட்டி முடியும், ஒரு பிடி சம்பல் போதும். அரிசி மாவும் குரக்கனும் கோதுமையை விட மலிவாகத் தோட்டக் கடைக்கு வந்தால் அவளே மாறிக்கொள்வாள்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியங்கள் இல்லை. கோதுமை நோய் எச்சரிக்கைகளை ஒழுங்காகத் தொடர உங்கள் திணைக்களத்தில் ஒருவரையாவது அமர்த்துங்கள். எந்த நாட்டில் எந்த நோய், அறுவடைக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்ற குறிப்பு உணவு ஆணையாளருக்கும் திறைசேரிக்கும் போகட்டும். விலை ஏறுமுன் வேறு நாட்டில் வாங்க அது உதவும். வயல்கள் வெளுத்த மறு ஆண்டே, 2017இல், பங்களாதேஷ் எதிர்ப்புள்ள கோதுமை வகையை வெளியிட்டது. அவர்கள் கற்றதைக் கேட்டறிய ஒரு குழுவை அனுப்பினால் நம் நெல்லுக்கும் நல்லது.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. பூக்கும் நேரத்து மழையில் கதிரைப் பிடிக்கும் பியூசேரியம் என்ற பங்கசு, மணிக்குள் டியொக்சினிவலெனோல் என்ற நஞ்சை விட்டுப்போகிறது. வாந்தி வரவைக்கும், பசியைக் கெடுக்கும். அரைத்தாலும் சுட்டாலும் அது முழுதாகப் போகாது. மாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அளவு. நான் தட்டும் ரொட்டியைச் சின்னப் பிள்ளைகள் தின்கிறார்கள். கப்பலுக்குக் கப்பல் மாதிரி எடுத்துச் சோதியுங்கள், முடிவை மூன்று மொழியிலும் வெளியிடுங்கள்.

எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். அந்த முதல் சோதனை முடிவு வெளிவரும் நாளில் அதை அச்செடுத்துக் கடைச் சுவரில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை ரொட்டிக்கடைக்காரன்