பிடி100 சென்சாருக்கு எல்எம்334 போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிளாட்டினம் வெப்பமானிக் கட்டுரையில், பிடி100 சென்சாருக்கு (வெப்பநிலைக்கேற்பத் தடை மாறும் பிளாட்டினம் சென்சார்; மின்னோட்டம் செலுத்தி, அதன் மேல் விழும் வோல்டேஜை அளந்து வெப்பநிலையை அறிகிறோம்) 1 மில்லி ஆம்பியர் தர, மின்னோட்டம் தருவதற்கென்றே உள்ள எல்எம்334 ஐசியும் 68 ஓம் ரெசிஸ்டரும் போதும், 0.1 டிகிரி துல்லியம் வந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். 1 மில்லி ஆம்பியர் வரும், துல்லியம் வராது. அந்த ஐசியின் மின்னோட்டம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறும்படியே வடிவமைக்கப்பட்டது. அதையே வெப்பநிலை சென்சாராகவும் பயன்படுத்துவதுண்டு. அறை வெப்பத்தில் டிகிரிக்குச் சுமார் 0.33 சதவீதம் ஏறும். 15 டிகிரியில் சரிசெய்து வைத்த பெட்டி 35 டிகிரிக்குச் சூடானால் மின்னோட்டம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடியிருக்கும். பனிக்கட்டி நீரில் கிடக்கும் சென்சார் அப்போது 18 டிகிரி என்று காட்டும்.

ஒரு டையோடும் பத்து மடங்கு பெரிய இன்னொரு ரெசிஸ்டரும் சேர்த்து இந்த ஏற்றத்தைச் சமன்செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் டையோடும் ஐசியும் எப்போதும் ஒரே வெப்பநிலையில் இருந்தால்தான் அது பலிக்கும். 5 வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் ஓடும்போது ஐசி 5 மில்லிவாட் சூட்டை உண்டாக்குகிறது. பக்கத்தில் இருக்கும் டையோடுக்கு அந்தச் சூடு முழுதாகப் போய்ச் சேராது. பேட்டரி மட்டத்தைக் காட்டும் விளக்குக்கு இப்படிச் சமன்செய்வது போதும், வெப்பமானிக்குப் போதாது.

எந்தப் பாகத்தையும் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பிடி100, 0 டிகிரியில் 100 ஓம்; 100 டிகிரியில் 138.51 ஓம். அந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு 0.379 ஓம் மாறுகிறது. ஆகவே 0.1 டிகிரி என்பது மொத்தத் தடையில் 270 பிபிஎம் (பத்து லட்சத்தில் 270 பங்கு) அளவுதான். பெட்டியின் வெப்பநிலை 20 டிகிரி ஏறி இறங்கும் என்று வைத்தால், சுற்று முழுவதற்கும் சேர்த்து டிகிரிக்கு 13 பிபிஎம்தான் அனுமதி. 0.01 டிகிரி வேண்டுமென்றால் அது 1.3 பிபிஎம் ஆகச் சுருங்கிவிடும். டிகிரிக்கு 100 பிபிஎம் மாறும் சாதாரண மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்று போதும், 0.7 டிகிரிப் பிழையை அது தனியாகவே கொண்டுவந்துவிடும்.

இனி சுற்று. ரெஃபரன்ஸ் ஐசி (மாறாத வோல்டேஜ் தரும் ஐசி) 2.5 வோல்ட், அது ஆப்-ஆம்பின் (இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஐசி) பிளஸ் உள்ளீட்டுக்குப் போகிறது. ஆப்-ஆம்பின் வெளியீட்டிலிருந்து சென்சார் வழியாக மைனஸ் உள்ளீடு. அந்த மைனஸ் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 2.5 கிலோ ஓம் ரெசிஸ்டர். அவ்வளவுதான். மைனஸ் முனையை 2.5 வோல்ட்டிலேயே நிறுத்த ஆப்-ஆம்ப் பாடுபடும். அதனால் ரெசிஸ்டரில் ஓடும் 1 மில்லி ஆம்பியரே சென்சாரிலும் ஓடும், சென்சாரின் தடை என்னவாக இருந்தாலும். 850 டிகிரியில்கூட பிடி100 சுமார் 390 ஓம்தான், வெளியீடு 2.9 வோல்ட்டைத் தாண்டாது. எனவே 5 வோல்ட் சப்ளை தாராளம். ஆப்-ஆம்பின் உள்ளீடும் வெளியீடும் அந்த அளவுவரை எட்ட வேண்டும் என்பதை மட்டும் டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளவும்.

இந்த அமைப்பில் டிரான்சிஸ்டரே இல்லை. வழக்கமான வரைபடங்களில் சென்சார் கலெக்டர் பக்கம் தொங்கும். எமிட்டர் மின்னோட்டத்தில் பேஸ் பங்கு போக மீதிதான் சென்சாருக்கு. பீட்டா (கலெக்டர், பேஸ் மின்னோட்டங்களின் விகிதம்) 100 என்றால் அந்தப் பங்கு 1 சதவீதம். பீட்டா டிகிரிக்கு அரை சதவீதம் மாறினால் சென்சார் மின்னோட்டம் 50 பிபிஎம் மாறுகிறது. இரண்டு பிபிஎம் ரெஃபரன்ஸ் வாங்கிவிட்டு இந்த ஓட்டையை அடைக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சென்சாரின் ஒரு முனை கிரவுண்டில் இருந்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் மட்டும் மாஸ்ஃபெட் போடுங்கள். அதன் கேட் மின்னோட்டம் கணக்கில் வராது.

ஆப்-ஆம்பைப் பற்றித் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். எல்எம்358 ஆப்-ஆம்பின் ஆஃப்செட் (இரு உள்ளீடுகளுக்கும் நடுவே தங்கிவிடும் சிறு வோல்டேஜ்) டிகிரிக்கு ஏறத்தாழ 7 மைக்ரோவோல்ட் நகரும், 2.5 வோல்ட்டின் மேல் அது 3 பிபிஎம் கூட இல்லை. அதே ஆப்-ஆம்பை வைத்து, மின்சாரம் மிச்சம் என்று ரெசிஸ்டரின் மேல் 100 மில்லிவோல்ட் மட்டும் விழும்படி அமைத்தால் 70 பிபிஎம். ஆகவே ரெசிஸ்டரின் மேல் எவ்வளவு வோல்ட் விழ விடலாமோ அவ்வளவு விடுங்கள். ஆஃப்செட் ஏறக்குறைய நகராத ஜீரோ-டிரிஃப்ட் வகை ஆப்-ஆம்ப் போட்டால் இந்தப் பேச்சே எழாது.

உண்மையான செலவு 2.5 கிலோ ஓம் ரெசிஸ்டரில்தான் இருக்கிறது. 5 பிபிஎம் மெட்டல் ஃபிலிம் 0.1 டிகிரி வேலைக்குப் போதும்; அதற்கு மேல் ஃபாயில் அல்லது நல்ல வயர்வவுண்ட். சரிசெய்ய டிரிம்பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வேண்டுமானால் மொத்தத் தடையில் 1 சதவீதத்துக்கு மேல் அதற்குக் கொடுக்கக் கூடாது. 100 பிபிஎம் டிரிம்பாட் அந்த அளவில் 1 பிபிஎம் சேதம்தான் செய்யும். மென்பொருளில் திருத்த முடிந்தால் டிரிம்பாட்டே வேண்டாம். ரெகுலேட்டர் போன்று சூடாகும் பாகங்களின் பக்கத்தில் இந்த ரெசிஸ்டரை வைக்கவே கூடாது.

ரெஃபரன்ஸ் டிகிரிக்கு 3 பிபிஎம் என்று எடுத்தால், ரெசிஸ்டரோடு சேர்த்து மோசமான நிலையில் 8 பிபிஎம், 13-க்குள் அடங்கிவிட்டது. ஆனால் ஏடிசியின் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பாகம்) சொந்த ரெஃபரன்ஸும் தன் பங்குக்கு நகருமே? அதையும் கூட்டினால் அனுமதி பறிபோய்விடும்.

அதனால்தான், மின்னோட்டத்தை அசையாமல் பிடிக்கும் பந்தயத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மேலே சொன்ன சுற்றில் 2.5 கிலோ ஓமின் மேல் விழும் வோல்டேஜையே ஏடிசியின் ரெஃபரன்ஸ் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். சென்சாரின் மேல் விழும் வோல்டேஜை, 4 மடங்கு பெருக்கத்துடன், டிஃபரென்ஷியல் உள்ளீட்டில் (இரு முனைகளின் வித்தியாசத்தை எடுக்கும் உள்ளீடு) அளவிடுங்கள். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். அது ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறாது. ரெஃபரன்ஸ் ஐசி மலிவானதாகவே இருக்கலாம். பிபிஎம் கணக்கில் பெரிதாக மிஞ்சுவது அந்த ஒரு ரெசிஸ்டர்தான்.

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. ஏடிசியின் ரெஃபரன்ஸ் உள்ளீடு பஃபர் (மின்னோட்டம் உறிஞ்சாமல் வோல்டேஜை அப்படியே கடத்தும் சுற்று) இல்லாதது என்றால், அது உறிஞ்சும் 1 மைக்ரோ ஆம்பியரே 0.1 சதவீதப் பிழை. பஃபரை இயக்குங்கள், அல்லது வெளியே ஒன்று போடுங்கள். இரைச்சலுக்காகப் போடும் ஆர்சி ஃபில்டர்கள் இரண்டு உள்ளீடுகளிலும் ஒரே நேர மாறிலி உடையவையாக இருக்க வேண்டும். ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் இருந்தால் மின்னோட்டத்தின் சலனம் விகிதத்தில் கழியாமல் அப்படியே தெரியும். நீண்ட கேபிள் மாட்டியதும் ஆப்-ஆம்ப் தானாகவே அலைவை (ஆசிலேஷன்) உண்டாக்கத் தொடங்கலாம். மல்டிமீட்டரில் அது அலைவாகத் தெரியாது, காரணமில்லாத நகர்வாகவே தெரியும். 2.5 கிலோ ஓம் முனைக்கும் மைனஸ் உள்ளீட்டுக்கும் நடுவில் 10 கிலோ ஓம், ஆப்-ஆம்ப் வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு 1 நானோ ஃபாரட், வெளியீட்டில் தொடராக 100 ஓம் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேபிள் நான்கு வயராக இருக்கட்டும்: மின்னோட்டத்துக்கு இரண்டு, வோல்டேஜை அளக்கத் தனியாக இரண்டு. 0.22 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 மீட்டருக்கு 0.8 ஓம், இரண்டு வயரில் போக வர 1.6 ஓம், அதாவது 4 டிகிரிப் பிழை. வெயில் ஏறினால் அந்தத் தடையும் ஏறும்.

சிக்னல் பெரிதாகட்டும் என்று மின்னோட்டத்தை 5 மில்லி ஆம்பியராக்கும் ஆசை வேண்டாம். சென்சாரின் சுய சூடு 0.1 மில்லிவாட்டிலிருந்து 2.5 மில்லிவாட்டாகத் தாவும். அசையாத காற்றில் சிறிய சென்சார் மில்லிவாட்டுக்கு 0.2 டிகிரி சூடாவது சாதாரணம். அரை டிகிரி அங்கேயே போயிற்று.

சோதனைக்கு விலையுயர்ந்த மீட்டர் தேவையில்லை. சென்சாரின் இடத்தில், அதே கேபிளின் முனையில், நகர்வு குறைந்த 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு ஏடிசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹேர் டிரையரால் போர்டை மட்டும் 20 டிகிரி சூடாக்குங்கள். அந்த 100 ஓம் சூட்டில் படாமல் தள்ளியிருக்கட்டும். எண் எத்தனை பிபிஎம் நகர்ந்தது என்று பாருங்கள். அதிகமாக நகர்ந்தால், சாலிடரிங் அயர்ன் முனையை ஒவ்வொரு பாகத்துக்கும் அருகே, தொடாமல், சில விநாடி பிடித்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். சூடு பட்டவுடன் எண் குதித்து, சூடு பரவியதும் திரும்பி வந்தால் அது ரெசிஸ்டரின் வேலை அல்ல. கனெக்டரிலோ சாலிடர் இணைப்பிலோ பிறக்கும் வெப்ப மின்னழுத்தம். 4 மைக்ரோவோல்ட்டே 0.01 டிகிரிக்குச் சமம்.

கட்டுரையில் சொன்ன சென்சார் கிளாஸ் பி வகை. 100 டிகிரியில் அதற்கே 0.8 டிகிரி வரை விலக அனுமதி உண்டு. தனியாக அளவுத்திருத்தம் செய்யாமல் 0.1 டிகிரி என்று போட்டது எப்படி என்பதைக் கட்டுரையாளர் அடுத்த இதழில் விளக்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்