மூட்டக் கரியும் காற்றும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சீமைக்கருவேலக் கரி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், கரி எத்தனை வருடம் கிடந்தாலும் மாறாது என்று எழுதியிருந்தது. சாயல்குடிப் பக்கம் மூட்டம் போடும், அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரியாக்கும், குடும்பத்தில் பிறந்தவள் நான். அந்த வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மூட்டத்தைப் பிரித்ததும் கரியை மூட்டை கட்ட அப்பா விடமாட்டார். ஒரு நாளாவது பரப்பி ஆறப்போட வேண்டும். சூடு தணிந்ததுபோல் தெரிந்தாலும், குவித்து வைத்தால் உள்ளே மறுபடி கனன்றுவிடும் என்பார். அது சரிதான். புதுக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும்போது வெப்பம் வெளியாகிறது. குவியலுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை.

அந்த ஆக்சிஜன் கரியின் மேற்பரப்பில் எந்த வடிவில் ஒட்டியிருக்கிறது என்பதை அகச்சிவப்பு நிறமாலை, அதாவது ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடம், சொல்லிவிடும். என் எம்.எஸ்சி. ஆய்வே அதுதான். கார்பாக்சில் போன்ற, ஆக்சிஜன் உள்ள அணுத்தொகுதிகள் சென்டிமீட்டருக்கு 1,700 முதல் 1,740 வரையிலான அலையெண்ணில் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) ஒளியை உறிஞ்சும்; வரைபடத்தில் அங்கே ஒரு மேடு தெரியும். நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சிய கரியில் இந்த மேடு தெளிவாக எழும். காற்றில் மட்டும் கிடந்த கரியில் மெலிதாகத்தான் தெரியும்.

அதைப் பிடிப்பது லேசல்ல. கரி அகச்சிவப்பையும் விழுங்கிவிடும். அதனால் அரை மில்லிகிராம் தூளை 200 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடு என்ற உப்போடு அரைத்து வில்லையாக அழுத்தினேன். அந்த உப்போ ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். 1,640-இல் ஒரு மேடு வந்தது. ஆக்சிஜன் தொகுதி என்று குறித்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, கரியே சேர்க்காத வில்லையிலும் அதே மேடு இருந்தது. தண்ணீர்! 3,400 பக்கம் அகலமாக ஒன்று இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். அப்புறம் உப்பை 110 டிகிரியில் உலர்த்திவிட்டுத்தான் வில்லை போட்டேன்.

மூட்டத்தின் ஓரத்தில் சரியாக வேகாத கரியில் மரத்தின் ஆக்சிஜனே மிச்சமிருக்கும். ஆகவே பிரித்த அன்றே ஒரு பிடி எடுத்துக் காற்றுப்புகாமல் மூடிவைத்து, அதன் நிறமாலையோடு ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஆக்சிஜன் பழையது, எது புதியது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. ஆக்சிஜன் ஏறிய கரி ஈயம், செம்பு போன்ற உலோக அயனிகளை நன்றாகப் பிடிக்கும். ஆனால் எங்கள் கிணறுகளின் உவர்ப்பைக் கரி நீக்காது. கட்டுரையின் தண்ணீர் வடிகட்டிப் பகுதியில் இதையும் சொல்லியிருக்கலாம்.

அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அவசரமாகக் கரி அள்ளுபவர்கள் அதை நம்பி, ஆறப்போடாமல் மூட்டை கட்டிவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாயல்குடி, இராமநாதபுரம் மாவட்டம்